சிப்காட் சாலையின் இலைகள்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

பூசை முடிந்து திரும்பும்போது மெல்வினை வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓசூர் சிப்காட் சாலையில் வார்ப்படக் கம்பெனி மதிலை ஒட்டி நிற்கும் நாட்டு வாதாம் மரம் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. சிவப்பு, அதற்குள் மஞ்சள், நரம்போரத்தில் மட்டும் கறுப்பு. ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி.

ஞாயிற்றுக்கிழமைப் புடவையோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "என்னம்மா தொலைச்சிட்டீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மெல்வின், "ஒண்ணும் தொலைக்கலண்ணா. இவங்க எலையில படம் பண்றவங்க" என்றார். சொல்லும்போது அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளி ஆளிடம் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் மாமா பையைத் திறந்து பார்த்தார். "தழையா? நம்மகிட்ட ஆடு கூட இல்லியே" என்றார். மெல்வினின் அப்பா சிரிக்காமல்தான் கிண்டல் செய்வார்.

பிப்ரவரி 17, சனி

காலை ஷிப்ட். கண் எரிச்சல்.

விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளைப் பார்ப்பது என் வேலை. ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, ஓரத்தில் வழிந்திருக்கிறதா, மயிரளவு விரிசல் இருக்கிறதா. பத்து வருஷத்துக்கு மேலாக இதே பெஞ்சு. ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கண் தவித்துப் போயிற்று. மாடியில் விழுந்த சருகுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு அடுக்கினேன். பிறகு ஒட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். சோற்றுக் கஞ்சியில் ஒட்டியதைப் பூச்சி தின்றது. பச்சை இலையில் செய்தது ஒரே கோடையில் வைக்கோல் நிறமாயிற்று. இப்போது பச்சையே வைப்பதில்லை. பச்சை போனபின் இலையில் மிஞ்சும் நிறம்தான் நிலைக்கும்.

இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று இருந்தது. எழுதிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பெங்களூருக்குப் போய் வந்தோம்.

ஜனவரியில் அங்கே தெருவோரம் நடந்த ஓவியச் சந்தையில் என் சிறிய படங்களைப் பார்த்துவிட்டு நம்பர் வாங்கிப்போன பிரியா மேடம் போன வாரம் கூப்பிட்டார். கலைக்கூடம் வைத்திருக்கிறார். உயரமான வெள்ளைச் சுவர்கள், சத்தமே இல்லை. நான் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாக ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுத்துப் போய்ப் பார்த்தார்.   கடைசியில், "ஜூலைல ஒரு ரூம் முழுக்க உங்களுக்குத்தான் ரெனிட்டா. பெருசா ஏதாவது பண்ணுங்க" என்றார்.

ஒரு ரூம் முழுக்க.

 பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது மெல்வின், "பெருசுன்னா எத்தன பெருசு? வீட்ல எடம் பத்துமா?" என்றார்.

மார்ச் 31, ஈஸ்டர்

முன்னறையில் இருந்த டிவியை மெல்வின் மாமாவின் அறைக்கு மாற்றினார். சோபா மாடிப்படிக்குக் கீழே போயிற்று. முன்னறை எனக்கு. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நாத்தனார் முகம் சரியில்லை. மாமாதான், "ரெனிட்டா பெங்களூர்ல படம் வைக்கப் போறா, இப்பல்லாம் நம்ம வீட்ல ஹால் கெடையாது" என்று எல்லாரிடமும் சொன்னார். புகாராகச் சொன்னாரா, பெருமையாகவா? இரண்டும் கலந்துதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பெரிய படம் உருவாகிறது. என் உயரத்தைவிட நீளம். இரண்டு பலகைகள்.

ஷிப்ட் விடும் நேரத்தில் சிப்காட் சாலை. தேக்கிலையின் அடிப்பக்கம்தான் தார் ரோடு. கம்பெனி பஸ்களுக்கு வாதாம் சிவப்பு. மதில்களுக்கு மூங்கில் உறை. போன மாதம், என் பக்கத்து பெஞ்சில் வேலை பார்க்கும் அனிதாவின் ஊரான நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு பை கொண்டுவந்தேன். வானத்துக்கு வெங்காயத் தோல், பூண்டுத் தோல். மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒரு வேப்பஞ்சருகு. சற்று வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து. வேலை முடிந்து நடக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். பொருத்தமான ஒரு சருகு கிடைக்க அரை மணி நேரம் தேடுகிறேன். கிடைத்ததும் யாரோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

கீழ் ஓரத்தில் தென்பெண்ணை. நுரைக்கு இலவம்பஞ்சு. மழை பெய்தால் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆறு முழுக்க வெள்ளை நுரை. தூரத்திலிருந்து பார்க்க அழகு. பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அழகு வந்துவிட்டது. நாற்றத்தை எப்படி ஒட்டுவது?

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று மெல்வினிடம் கத்திவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்தால் மாடிக் கொடியில் என் இலைகள் எல்லாம் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. பளபளவென்று, சொட்டச் சொட்ட. தண்ணீர் மக்கும் கையுமாக அவர் நிற்கிறார்.

"ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒரே தூசியா இருந்துச்சு ரெனி. உனக்குத்தான் தும்மல் வருதேன்னு…"

"அந்தத் தூசிதாங்க படம்."

எனக்கே என் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அந்த இலைகளைக் கழுவினால் அவை எந்த ஊரிலும் இருக்கலாம். தூசியோடு இருந்தால்தான் எங்கள் ரோட்டு இலைகள். இதை அவருக்கு முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதில்லை. எனக்கே நேற்றுக் கத்தும்போதுதான் வார்த்தையாகத் தெரிந்தது.

இன்று பூசைக்கு அவர் என்னோடு வரவில்லை. எங்கோ போய்விட்டு மதியம் வந்தார். கையில் அவருடைய சாப்பாட்டுப் பை. உள்ளே புதிதாகப் பொறுக்கிய இலைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நியூஸ்பேப்பரில் மடித்து.

"தொடைக்கல. ஊதக்கூட இல்ல" என்றார்.

மே 20, திங்கள்

ஹெச்.ஆர். ஹரீஷ்குமார் சார் கூப்பிட்டார். என்னை லைன் லீடர் ஆக்குகிறார்களாம். ஜூலை முழுக்கப் புனேயில் பயிற்சி.

இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். அனிதா கேட்டதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஜூலை முழுக்க.

மே 22, புதன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பர்சனலா ஏதாவதா?" என்று கேட்டார் ஹரீஷ்குமார் சார். "ஆமா சார், படம் வைக்கறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சினிமா என்று நினைத்திருப்பார்.

ஜூன் 18, செவ்வாய்

பிரியா மேடம் போஸ்டர் அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷில். நான் மூன்று தடவை படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று.

தலைப்பு, வனத்தின் மகள். நான் நாட்றாம்பாளையம் இருக்கும் அஞ்செட்டி மலைக்காட்டில் பிறந்தவளாம். காட்டுப் பெண்களிடம் பரம்பரைக் கலையைக் கற்றவளாம். போட்டோவில் என் கம்பெனி ஐ.டி. கார்டை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நான் பொறந்தது ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில. எங்கப்பா லேத்து ஓட்டுனவரு. நாட்றாம்பாளையத்துக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், அனிதா வீட்டுக்கு விருந்தாளியா. களி சாப்ட்டேன், ஒரு பை மூங்கில் உறை பொறுக்குனேன், கடைசி பஸ்ஸுல வந்துட்டேன். அவ்ளோதான். நான் எப்புடி வனத்தோட மகளாவேன்? இத்தன வருஷம் கண்ணு எரிய எரிய போர்டு பாத்தது யாரு அப்ப?

அனிதாவிடம் கேன்டீனில் காட்டினேன். முதலில் சிரித்தாள். "எங்க ஊர்ல எலைய மாட்டுக்குப் போடுவோம்க்கா. ஒட்டி வச்சா எங்கம்மா திட்டும்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க ஊரு பேர வச்சு உங்க படத்த விப்பாங்க. நான் வேலைக்கு வந்தப்ப அதே ஊரு பேரச் சொன்னதுக்கு, காட்டுப் பொண்ணு தாங்குமான்னு கேட்டாங்க."

ஜூன் 20, வியாழன்

பிரியா மேடத்திடம் பேசிவிட்டேன். அவர் சொன்னதை நியாயமாக எழுதி வைக்கிறேன், பின்னால் கோபத்தில் மாற்றிச் சொல்லாமல் இருக்க.

"நான் பொய் சொல்லல ரெனிட்டா. நீங்க அங்க எலை எடுத்தீங்கதானே? வாங்கறவங்க படத்தோட ஒரு கதையும் சேத்துத்தான் வாங்கறாங்க. கம்பெனில போர்டு செக் பண்றவங்கன்னு போட்டா யாரு வருவாங்க? நல்லா பண்றவங்க எத்தன பேரு யார் கண்ணுலயும் படாமயே போனாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களும் அப்படிப் போகக் கூடாதுன்னுதான்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். நான் போட்டோவில் அனுப்பியிருந்த பெரிய படம் வேண்டாம். "தூசியும் நுரையும் யார் வீட்டு ஹால்ல மாட்டுவாங்க, சொல்லுங்க?"

நான், "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மேடம். ஊரும் வேலையும் என்னுது, அத மாத்த வேணாம். பெரிய படம் இல்லாம நான் வரல" என்றேன்.

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் மேடம்."

போனை வைத்தேன். மெல்வின் பக்கத்தில்தான் இருந்தார்.  டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

மார்ச்சில் பெங்களூரில் விட்டு வந்த படங்கள் திரும்பி வந்தன. பிரியா மேடம் தன் கையாலேயே கட்டியிருக்க வேண்டும். மெல்லிய தாள், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அட்டை. ஒரு இலைகூட உதிரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

என் காட்சி நடந்திருக்க வேண்டிய வாரம். லைன் லீடர் பயிற்சிக்கு வேறொரு பெண் போயிருக்கிறாள். அந்தப் பதவியும் இல்லை, இந்த ரூமும் இல்லை.

திமிரா எனக்கு? நாத்தனார் அப்படித்தான் சொன்னாளாம். ஒரு பொய்யைச் சகித்திருந்தால் இந்நேரம் நூறு பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் பார்த்திருப்பது வேறொருத்தியை. பக்கத்திலேயே நின்று நான் தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அது முடியாது. இன்று மறுபடி கேட்டாலும் முடியாது. எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். திமிர் என்றால் திமிர்.

மாலையில் மாமா காபியோடு முன்னறைக்கு வந்தார். பெரிய படத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி ஆறிவிட்டது.

"இந்த மூலைய ஏன் சும்மா வுட்டு வச்சிருக்கே? முடிச்சிரும்மா."

ட்வீசரை எடுத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யோசனை அனிதாவுடையது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லார் வீட்டு ஆட்களும் வருவார்கள். "கேன்டீன்ல மாட்டுங்கக்கா. ரோடு நம்ம ரோடு, நம்மாளுங்கதான மொதல்ல பாக்கணும்?"

ஏன் எனக்குத் தோன்றவில்லை? சுவர் என்றால் வெள்ளையாக, பெங்களூரில் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கேன்டீனில் மாட்டலாமா என்று கேட்டிருந்தேன்; ஹரீஷ்குமார் சார் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்தார். நுரையிடம் வந்ததும் நின்றார்.

"இது… மேல இருக்கறவங்க கேட்டா என்னங்க சொல்றது?"

"ஆத்துல இருக்குதா இல்லையா சார்?"

"இருக்குது." குனிந்தார். "இந்த ஸ்டாப்புலதான் நான் ட்ரெய்னியா வந்தப்ப எறங்குவேன். பக்கத்துல ஒரு தள்ளுவண்டி நிக்கும்."

"நிக்குது சார். இதோ, இந்தப் புளியங்கொட்டைத் தோல்."

அவர் அதைத் தொடப் போனார். தொடவில்லை. "நான் பேசறேன்" என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

எங்கே தொடங்குவது?

நாளை விடுமுறை என்பதால் கம்பெனியில் இன்றே பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கேன்டீனின் நீளச் சுவரில் என் படங்கள், நடுவில் பெரியது. பக்கத்தில் அட்டை. நானே எழுதியது: ரெனிட்டா, தர ஆய்வுப் பிரிவு, ஓசூர். இலை, தோல், பஞ்சு, தூசி.

முதலில் யாரும் வரவில்லை. பொங்கல் வாங்கும் வரிசையில்தான் கூட்டம். வரிசை சுவரை ஒட்டி நகர்ந்ததால் பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் வரிசை நகரவில்லை.

"ஏய், இது நம்ம கேட்டுடா." "இதுதான் ஏழாம் நம்பர் பஸ்ஸு." தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், இந்தியில் ஒரே சத்தம். பெயின்ட் பிரிவில் இருக்கும் ஒடிசாக்காரர் ஒருவர் தன் மனைவிக்கு வீடியோ கால் போட்டு, வேப்பஞ்சருகுகளில் ஒன்றைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தார். மொழி தெரியாவிட்டாலும் அது எனக்குப் புரிந்தது.  நுரையைப் பார்த்த ஒரு அம்மா, "எங்க நெலத்துக்கு இந்தத் தண்ணிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மெல்வின் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். யாரோ தூசியைக் கைக்குட்டையால் துடைக்கப் போனபோது பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தொடைக்காதீங்கண்ணா. அதான் படம்."

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் அல்ல. இதைச் செய்தவள் நான். வேறு யாரும் அல்ல. இந்தக் கண், இந்தக் கை, இந்த ஊர். அவ்வளவையும் என் பெயரில் பார்த்துவிட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பெண் வந்து பேசினாள். மணிமேகலை. மெயின்டனன்ஸில் இருப்பவரின் மனைவி, கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க வெயிட்டிங் ஹால்ல ஒரு சொவரு சும்மாவே கெடக்குதுங்க. டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

நவம்பர் 17, ஞாயிறு

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்தேன். அவர் மனதில் இருந்தது அருவியும் மயிலும். "பேஷன்ட்ஸ் மனசுக்கு அமைதியா இருக்கணும்" என்றார். நான் வரைந்து கொண்டுபோனதைக் காட்டினேன். மாம்பழ சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனி வாசலில் லோடோடு நிற்கும் டிராக்டர் வரிசை, நெடுஞ்சாலைவரை. டிரைவர்கள் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், தூங்குகிறார்கள்.

"காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு, காத்துக்கிட்டு இருக்கற படமா?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். சரி என்றார்.

வீட்டுக்கு வந்தால் பிரியா மேடத்திடமிருந்து செய்தி. கேன்டீன் போட்டோக்களை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 'நான் சொன்னது தப்புன்னு இன்னும் தோணல. ஆனா அந்தப் பெரிய படத்த மறக்க முடியல.' எனக்குக் கோபம் வரவில்லை. 'ஒரு நாள் ஓசூர் வாங்க மேடம், நேர்ல பாருங்க' என்று பதில் போட்டேன்.

ஜனவரி 6, 2025, திங்கள்

ஆஸ்பத்திரிப் படத்துக்காக இன்று முதல் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு. திரும்பி வரும்போது அதே பெஞ்சு இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் ஹரீஷ்குமார் சார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். காலையில் ஷிப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு மாவிலைக் கட்டைப் பிரித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாங்கொட்டை நார் டிராக்டர் சக்கரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இன்று முழுக்க இதே சந்தோஷம்.

மார்ச் 6, வியாழன்

பலகைகளை ஆஸ்பத்திரிச் சுவரில் ஏற்றியாயிற்று. கண்ணாடி அடுத்த வாரம்தான் வரும். அதற்குள் பலகைகளின் இடைவெளிகளை அங்கேயே வைத்து இலை ஒட்டி மறைக்க வேண்டும். ஏணியில் நான். கீழே நாற்காலிகளில் நோயாளிகள்.

முதல் வரிசையில் ஒரு அம்மா. காலில் கட்டு, மடியில் மருந்துப் பை. நான் ஏணியை நகர்த்தும் பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது. கடைசியில் கேட்டார், "இதுல எங்க வூட்டு லோடு எதும்மா?"

"எது வேணும்னாலும் இருக்கலாம்மா."

அவர் திரும்ப வரிசையின் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு டிராக்டராக. உதடு அசைந்தது.

மணிமேகலை கதவைத் திறந்து, "மாரம்மா" என்றாள். யாரும் எழவில்லை. "மாரம்மா, உள்ள வாங்க." பக்கத்து நாற்காலிக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். நான் ஏணியிலிருந்து குனிந்து, "அம்மா, உங்களத்தான் கூப்புடறாங்க" என்றேன்.

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"பின்னால இருக்கறவங்கள போகச் சொல்லும்மா. நான் இன்னும் பாத்து முடிக்கல."